கமலாபுரத்துக்கு வந்துபோகும் விமானம்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் வந்தது. "சேலத்துக்கு விமானம் விடுகிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடியும் விடுகிறார்கள். ஆள் ஏறாததாலா மாமா?" என்று கேட்டிருந்தாய். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் எண்ணம். மீதியைச் சொல்லத்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் பழைய கதை. ஓமலூர் பக்கத்துக் கமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் 1993-ல் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. நிறுவனம் சில காலம் பறந்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அதன்பின் பல ஆண்டுகள் ஓடுதளம் சும்மா கிடந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போனது. 2018 மார்ச் 25-ல் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது, 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், பெங்களூரு – சேலம் – கொச்சி வழியில் வந்தது. அதே மாதம் 29-ஆம் தேதி இண்டிகோ சென்னை விமானத்தைத் தொடங்கியது, ஹைதராபாத்துக்கும் விட்டது.

இதில் இரண்டு தேதிகளைக் காலண்டரில் தேடிப் பார். 2018 மார்ச் 25, 2023 அக்டோபர் 29. இரண்டுமே அந்தந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. விமானத் துறைக்கு ஆண்டுக்கு இரண்டு பருவம்தான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் கோடைக்கால அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்கால அட்டவணை. உலகம் முழுக்க இதே கணக்கு. எந்த ஊருக்குப் புது விமானம், எந்த ஊருக்கு நேரமாற்றம், எந்த ஊரின் பெயர் பட்டியலிலேயே இல்லை என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு நாள்களில் தெரிந்துவிடும்.

அடுத்து ஓடுதளம். கமலாபுரத்து ஓடுதளம் 1,806 மீட்டர். நூற்றெண்பது பேர் ஏறும் ஏர்பஸ் ஏ320 முழுச் சுமையோடு வந்துபோக அது போதாது. உங்கள் கல்வராயன் மலையில் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையை நினைத்துக்கொள். அந்தக் கொண்டை ஊசி வளைவில் எந்த நீளப் பேருந்து திரும்பும் என்பதைப் பாதைதான் முடிவு செய்கிறது, டிப்போ மேலாளர் அல்ல. சேலத்திலும் அப்படித்தான். அதனால்தான் கிங்ஃபிஷர், ட்ரூஜெட், அலையன்ஸ், இண்டிகோ என்று நான்கு நிறுவனங்கள் மாறியும் வந்து இறங்கியது ஒரே வகை விமானம்: பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகரில் கட்டப்படும் ஏடிஆர்.

மலைமேல் நின்று பார்த்தால் ஏடிஆரை அடையாளம் காண்பது எளிது. மிக உயரத்தில் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு போவது ஜெட். ஏடிஆர் அதைவிடத் தாழ்வாக, மெதுவாகப் போகும். இறக்கை உடலுக்கு மேலே பொருந்தியிருக்கும். உடலின் இரு பக்கமும் காற்றாடி சுழலும். மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகம். குறைந்த தூரத்துக்கு ஜெட்டைவிட எரிபொருள் மிகக் குறைவாகக் குடிக்கும்.

இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள். 80-க்குக் குறைவான இந்த எண்ணிக்கையில் ஒரு லாபமும் இருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில், 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது. சிறு ஊர்களுக்கு விமானம் போகட்டும் என்று அரசு கொடுத்த சலுகை அது. நாற்காலிகளின் எண்ணிக்கையும் இப்படிக் கணக்கில் வருகிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு நிறுவனத்தின் வழித்தடங்களைப் புரிந்துகொள்ள, முதலில் அதனிடம் என்னென்ன விமானங்கள் உள்ளன என்று பார்க்க வேண்டும். இண்டிகோ 2005-ல் நூறு ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது; 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. பதினோரு ஆண்டுகள் அந்த ஒரே ரகம்தான். காரணம் இருக்கிறது. ஏ320 ஓட்டுகிற விமானி மறுநாள் ஏடிஆரில் ஏறி உட்கார முடியாது; தனிப் பயிற்சி, தனித் தகுதி வேண்டும். பொறியாளருக்கும் அப்படியே. உதிரிப் பாகங்களைத் தனியே வாங்கி வைக்க வேண்டும். ஒரே ரகம் என்றால் இந்தச் செலவெல்லாம் மிச்சம். ஆனால் அந்த ரகத்தை வைத்துக்கொண்டு சேலம் மாதிரி ஊருக்கு வர முடியாது. 2017-ல் ஏடிஆரை வாங்கத் தொடங்கிய பிறகுதான் சிற்றூர்கள் அதன் வரைபடத்தில் ஏறின.

சிறிய நிறுவனத்தின் பாடு வேறு. கையில் சில விமானங்களே இருக்கும். ஒன்று பெரிய பராமரிப்புக்குப் போனால் ஏதோ ஒரு ஊரின் சேவையை வெட்ட வேண்டும். வருமானம் குறைந்த ஊர்தான் முதலில் வெட்டுப்படும். கிங்ஃபிஷர் 2007-ல் ஏர் டெக்கான் என்ற விமான நிறுவனத்தை வாங்கியது. கடனில் மூழ்கி 2012 அக்டோபரில் மொத்தமாக நின்றது. சேலத்து விமானம் போனதில் அந்தக் கடனுக்குள்ள பங்கு, நம் ஊர்ப் பயணிகளுக்கு இல்லை. ட்ரூஜெட் வந்தது மத்திய அரசின் உடான் திட்டத்தில். பாதி இருக்கைகளைக் கட்டுப்படுத்திய கட்டணத்தில் கொடுத்தால், நட்டத்தை ஈடுகட்ட மூன்று ஆண்டுகள் அரசு மானியம் தரும். 2018 மார்ச்சோடு மூன்று ஆண்டைக் கூட்டிப் பார். சேவை நின்ற ஆண்டு வரும். நடுவே கொரோனா வேறு. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே பறப்பதை விட்டது.

ஆக, "ஆள் இல்லை" என்று நாம் சொல்லும் பல சமயங்களில் உண்மையில் இல்லாமல் போனது விமானம். இந்த வேறுபாட்டை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். இல்லையென்றால் நம் ஊர் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் மனதில் தங்கிவிடும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வரைபடத்தை எடுத்துச் சேலத்துக்கும் சென்னைக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போடு. உங்கள் கல்வராயன் மலைக்குச் சற்று வடக்கே அது போகும். கள்ளக்குறிச்சிக்காரர் சென்னைக்கு விமானம் ஏற வேண்டுமானால், மேற்கே சேலம் போய், அங்கிருந்து ஓமலூர் பக்கம் போய், ஒரு மணி நேரம் முன்பே காத்திருந்து, வந்த திசையிலேயே திரும்பிப் பறக்க வேண்டும். உளுந்தூர்பேட்டை வழியாகப் பேருந்தில் போனால் அதற்குள் செங்கல்பட்டைத் தாண்டியிருப்பார். சேலத்துக்காரருக்கோ 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் ரயில் இருக்கிறது. நமக்கு உண்மையில் பயன்படுவது ஹைதராபாத், கொச்சி போன்ற தூரத்து ஊர்கள். ஒரு ராத்திரி முழுக்கப் போகிற பயணம் அங்கேதான் மிச்சமாகும். சங்கராபுரத்திலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் வேலைக்கும் படிப்புக்கும் வெளிமாநிலம் போகும் பிள்ளைகள் குறைவில்லை.

எனவே உங்கள் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அதில் "சென்னைக்கு விமானம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். தூரத்து ஊர்களுக்குப் போகும் சேவை மானியம் தீர்ந்த பிறகும் தொடர வேண்டும் என்று கேளுங்கள். விமான நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி கள்ளக்குறிச்சியிலிருந்து கமலாபுரத்துக்கு நேரடிப் பேருந்து ஒன்றும் கேளுங்கள். அடுத்த பருவ அட்டவணை வருவதற்குச் சில மாதங்கள் முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள். அட்டவணை வெளியான பிறகு கொடுத்தால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா