செயற்கைக் கண்: பணத்தை எதில் போடுவது?

விபத்திலோ கட்டியாலோ ஒரு கண்ணை இழந்தவரின் வீட்டார் முதலில் தேடுவது ‘நவீனக் கண்’. எவ்வளவு நவீனமானாலும் செயற்கைக் கண்ணுக்குப் பார்வை கிடையாது; முகத்தை மீட்டுத் தரத்தான் அது. பயோனிக் கண் என்பது வேறு. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2, விழித்திரைமீது பொருத்தும் கருவி. கண்ணையே எடுத்துவிட்டவருக்கு அது பயன்படாது. தயாரித்த நிறுவனம் பிறகு அதைக் கைவிட்டதால், பொருத்திக்கொண்டவர்கள் பழுது பார்க்க வழியின்றித் தவித்தார்கள்.

நம் முன்னே இருப்பவை ரெடிமேட் கண், அளவெடுத்துச் செய்யும் கண் இரண்டும்தான். ரெடிமேட் மலிவு, கையோடு கிடைக்கும். ஆனால் குழிக்கும் அதற்கும் இடையே சந்து விழும், அதில் பீளை கட்டும். தற்காலிகத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

அளவெடுப்பது அறுவை முடிந்து வீக்கம் வடிந்த பிறகு, ஆறிலிருந்து எட்டு வாரத்தில். குழிக்குள் மாவு போன்ற பசையைச் செலுத்தி, மேலே, கீழே, வலம், இடம் பார்க்கச் சொல்வார்கள். சில நிமிடங்களில் பசை இறுகிவிடும். அந்த அச்சிலிருந்து மெழுகு மாதிரி செய்து, இமை சரியாக மூடுகிறதா என்று பார்த்துச் சீவிச் சீவித் திருத்திய பிறகே அக்ரிலிக்கில் வார்ப்பார்கள். கண்ணின் தரம் இந்தக் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது.

‘டிஜிட்டல் கண்’ என்றால் பெரும்பாலும் மற்றக் கண்ணின் கருவிழியைப் படமெடுத்து அச்சிட்டுப் பதிப்பதுதான். நம்மவர்களின் அடர்பழுப்புக் கருவிழிக்குக் கைதேர்ந்தவர் தீட்டும் வண்ணமே போதும் என்பேன். காட்டிக்கொடுப்பது வெள்ளைவிழியின் மஞ்சள் சாயலும் ரத்தநாள இழைகளும்தான். அவற்றைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடச் சொல்லுங்கள். முழுக்க முப்பரிமாண அச்சில் உருவான கண்ணை 2021-இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. செய்யும் காலம் பாதியாகக் குறையும் என்பது அதன் ஈர்ப்பு. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கண் அசைவது வேறொன்றைப் பொறுத்தது: அறுவையின்போது உள்ளே வைக்கும் உருண்டை. அதைப் பற்றி அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

குழந்தை என்றால் குழி வளர வளரக் கண்ணை மாற்றியாக வேண்டும். முதல் கண்ணிலேயே சேமிப்பைக் கரைக்காதீர்கள். மிஞ்சிய கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி போடுவது அதைவிட அவசரம்.

பெரியவர்களுக்கும் ஆண்டுக்கொரு முறையாவது பாலிஷ், ஐந்தாண்டு வாக்கில் புதுக் கண் என்று அலைச்சல் உண்டு. ஆகவே போய்வர எளிதான இடமாகப் பாருங்கள். சென்னையை அடுத்த மாடம்பாக்கத்துக்காரர் தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால், 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கும் நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவுக்கும் ஒரே தடம். எங்கே செய்தாலும், விளிம்பு உறுத்தினால் திருத்தித் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்.