அறுவடை இயந்திரம் கொட்டும் வைக்கோலைச் சமமாகப் பரப்புங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நவரை நட்டு இருபது நாள் ஆன சில வயல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பயிர் ஒரே பச்சையாக இராது. வெளிறிய பட்டையும் பச்சைப் பட்டையும் மாறி மாறி, கோடு போட்ட பாய் விரித்தாற்போல் இருக்கும். நாற்று ஒன்று, உரம் ஒன்று, ஏரித் தண்ணீரும் ஒன்று. பிறகு ஏன் இப்படி? வெளிறிய பட்டைகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். தை மாதத்தில் சம்பா அறுத்த இயந்திரம் வைக்கோலைக் கொட்டிச் சென்ற தடம்தான் அது.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்பேட்டைகள் வந்த பிறகு அரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பது அரிது. எனவே இயந்திர அறுவடையைக் குறை சொல்வதில் பயனில்லை. அது போடும் வைக்கோலை என்ன செய்வது என்பதே கேள்வி.

பெரிய டயர் வண்டி சுமார் 14 அடி அகலத்துக்கு அறுக்கிறது. ஆனால் வைக்கோல் முழுவதும் பின்புறத்தில் ஏறத்தாழ 4 அடி அகலத்தில் விழுகிறது. ஏக்கருக்கு ஒரு டன் வைக்கோல் இயந்திரத்தின் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பரவினால் ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிலோ கிடக்க வேண்டும். நடுப்பட்டையில் மட்டும் விழுந்தால் அங்கே முக்கால் கிலோவுக்கும் மேல் சேரும், பக்கங்களில் தாள் மட்டுமே நிற்கும்.

இதனால் வரும் கேடு என்ன? நெல் வைக்கோலில் தழைச்சத்தைப்போல் 60 பங்குக்கும் மேல் கரிமம் உண்டு. மண்ணில் மடக்கியதும் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தமக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வைக்கோல் மூன்று பங்கு கூடிய இடத்தில் இந்தப் போட்டியும் கூடும். அங்கே நட்ட பயிர் சில வாரங்கள் வெளிறி நிற்கும். யூரியாவை வயல் முழுதும் கூட்டிப் போட்டால் பச்சையாக இருந்த பட்டை மேலும் தழைத்துச் சாய்வதற்கும், பூச்சிகளை அழைப்பதற்கும் இடம் கொடுக்கும். சேற்றுழவில் நீள வைக்கோல் கேஜ் வீலில் சுற்றிக்கொண்டு உருளும் தொல்லை வேறு.

தீ வைத்துவிட்டால் தொல்லை ஒழிந்தது என்பார் உண்டு. ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 15 கிலோவுக்கு மேல் சாம்பல் சத்தும் இருக்கின்றன. எரித்தால் தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். அந்தப் புகை, லாரி ஓயாத வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பஞ்சாபில் இந்தச் சிக்கல் முற்றியதால், வைக்கோலை நறுக்கி வீசும் அமைப்பு இல்லாத அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு அங்கே உத்தரவிடப்பட்டது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தகைய அமைப்பை உருவாக்கியிருக்கிறது. அங்கே பரவிய வைக்கோலின் ஊடே கோதுமையை நேராக விதைக்கிறார்கள். நமக்கு அதைச் சேற்றில் மடக்கி நடவேண்டியிருக்கிறது. முறை வேறானாலும் வைக்கோல் சமமாக விழ வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

வண்டி வயலில் இறங்குமுன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வைக்கோல் மாட்டுக்கா, மண்ணுக்கா? கட்டும் இயந்திரத்தைக் கொண்டு சுருட்டி விற்பதானால் வரிசையாக விழுவதுதான் நல்லது, பரப்பச் சொல்லாதீர்கள். வயலிலேயே விடுவதானால், நறுக்கும் கத்திகளோ, பின்னால் சுழன்று வீசும் தட்டுகளோ பொருத்திய வண்டியைக் கேளுங்கள். அவை டீசலைக் கூடுதலாக இழுக்கும். ஆகவே ஓட்டுநர் அவற்றை இயக்காமல் விட்டுவிடக்கூடும். மணி வாடகை பேசும்போதே இதையும் பேசிவிடுவது உத்தமம்.

பனி ஈரம் உலர்ந்தபின் அறுவடையைத் தொடங்க வேண்டும். ஈர வைக்கோல் திரண்டு விழும், வீசுப்படாது. மழுங்கிய கத்தியும் இதே வேலையைச் செய்யும். பக்கக் காற்று பலமாக இருந்தால் வைக்கோல் ஒரு புறமே ஒதுங்கும். வீசும் தகடுகளைக் காற்றுக்கு ஏற்பத் திருப்பி அமைக்கச் சொல்லலாம். அடித்தாளை உயரமாக விட்டு அறுத்தால் இயந்திரத்துக்குள் போகும் வைக்கோல் குறையும். ஆனால் உயரத் தாளை மடக்குவது கடினம் என்பதையும் மறக்கக் கூடாது.

சரியாகப் பரவியதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டிக்கொள்ளுங்கள். இயந்திரம் தூரம் போனபின், அறுத்த அகலத்தின் நடுவிலும் இரு ஓரங்களிலும் சதுரத்தைப் போட்டு, உள்ளே உதிர்ந்து கிடக்கும் வைக்கோலைத் தனித்தனியே அள்ளி நிறுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒத்திருந்தால் சரி. நடுவில் மிகுந்திருந்தால் வண்டியை நிறுத்தித் தட்டின் வேகத்தையும் தகடுகளின் கோணத்தையும் மாற்றச் சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே இதைச் செய்ய வேண்டும். வண்டி திரும்பும் தலைமாடுகளில் எப்படியும் குவியல் விழும். அதைக் கவைக்கோலால் உதறிவிடலாம்.

பரப்பிய வைக்கோலை நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நீர் கட்டி மடக்கிவிட வேண்டும். நவரைக்கு இட வேண்டிய யூரியாவில் ஒரு பகுதியை அப்போதே இடுவது மக்குவதற்கு உதவும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் கிடைத்தால் டன்னுக்கு 2 கிலோ வீதம் சாணிக் கரைசலில் கலந்து தெளிக்கலாம். இயந்திரத்திலிருந்து தப்பி விழுந்த நெல்லும் இந்த இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். அதையும் சேர்த்து மடக்கிவிட்டால் அடுத்த பயிரில் வேற்று ரகக் கலப்பு குறையும்.