விழுந்த பிள்ளை மறுபடி சைக்கிள் ஏற

சேலம் செவ்வாய்ப்பேட்டை மாதிரி மண்டித் தெருக்களில் பிள்ளைகள் சைக்கிள் பழகுவது லேசான காரியமில்லை. லீ பஜாருக்கு வரும் லாரி, மூட்டை ஏற்றிய குட்டியானை, சந்தில் திடீரென்று புகும் பைக். நன்றாக ஓட்டிய பிள்ளைகூட ஒருமுறை விழுந்துவிட்டால் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, கேட்டால் "கால் வலிக்குது" என்று சொல்லும். அந்தப் பயத்தைத் திட்டியும் போக்க முடியாது, கெஞ்சியும் போக்க முடியாது. தன்னால் நிறுத்த முடியும் என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் போகும்.

1. முதலில் கையைப் பாருங்கள். விழும்போது பிள்ளைகள் பெரும்பாலும் கையைத்தான் ஊன்றுவார்கள். மணிக்கட்டு வீங்கியிருந்தாலோ, அழுத்தினால் வலித்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வளரும் எலும்பில் விழுந்த மெல்லிய விரிசல் வெளியே தெரியாது. சிராய்ப்பு ஆறும்வரை சைக்கிள் பேச்சே வேண்டாம்.

2. "ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்" என்று பெரிய சைக்கிளாக வாங்குவது நம் வழக்கம். பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. சீட்டை இறக்குங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பிரேக் பிடி விரலுக்கு எட்டவில்லை என்றால் சைக்கிள் கடையில் சரிசெய்து தருவார்கள்.

3. இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இடது பக்கப் பெடலின் மரை தலைகீழாக இருக்கும். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இனி பிள்ளை காலால் தரையை உந்தி உந்தி ஓட்டட்டும். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த முதல் இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது, இப்படி உந்தித்தான் ஓட்டினார்கள். எப்போது வேண்டுமானாலும் கால் ஊன்றலாம் என்பதால் மனசு பதறாது. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் வழுக்கிப் போக வந்துவிட்டால் பெடலை மாட்டிவிடலாம்.

4. கழற்றிப் போட்ட சைடு வீலை மறுபடி மாட்டாதீர்கள். சைக்கிள் சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் பேலன்ஸ் வரும். சைடு வீல் சாயவே விடாது.

5. அதே காரணத்தால் ஹேண்டில்பாரை நீங்கள் பிடிக்காதீர்கள். பிடித்தே ஆகவேண்டும் என்றால் பிள்ளையின் அக்குளுக்குக் கீழே லேசாகத் தாங்குங்கள். சொல்லாமல் கையை விட்டுவிட்டு "பாத்தியா, நீயே ஓட்டிட்ட" என்று கைதட்டுவது நிறையப் பேர் செய்வது. மிரண்ட பிள்ளையிடம் அதைச் செய்யவே கூடாது. அடுத்த நாள் உங்களையும் நம்பாது.

6. ஓட்டுவதற்கு முன் நிறுத்தப் பழக்குங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "எங்க நிறுத்தணும்னு நீயே சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன இடத்தில் பிள்ளையே பிரேக் பிடித்து நிற்கட்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்வது உங்களுக்குச் சலிக்கும், பிள்ளைக்குச் சலிக்காது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடிக்கச் சொல்லுங்கள்.

7. விழுந்த இடத்துக்கே முதல் நாள் கூட்டிப் போகாதீர்கள். பள்ளிக்கூட மைதானத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். சேலம் வெயிலுக்குக் காலை ஏழரைக்குள் முடித்துவிடுவது நல்லது. பிள்ளை "போதும்" என்றால் அன்றைக்குப் போதும்.

8. மண்டித் தெருவில் லோடு இறக்கிய இடத்தில் துவரம்பருப்பும் சோளமும் சிந்திக் கிடக்கும். அதன்மேல் முன்சக்கரம் ஏறும்போது பிரேக் பிடித்தால் சைக்கிள் வழுக்கிவிடும். பிள்ளையை நடத்திக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். விழுந்ததற்குக் காரணம் இதுதான் என்றால், தன்மேல் தப்பில்லை என்று தெரிந்ததுமே முகம் தெளியும்.

9. சொல்லித்தர அப்பா அம்மாதான் வேண்டும் என்றில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். முன்னால் கற்றவர் அடுத்தவருக்குச் சொல்லித்தந்தார். போன வருஷம் கற்றுக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தான் எங்கே பயந்தோம் என்பது இன்னும் ஞாபகம் இருக்கும். அவளைக் கூப்பிடுங்கள். "உன்னைவிடச் சின்னவன் ஓட்டுறான் பாரு" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

10. ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் உட்கார வேண்டும். தொளதொள பேன்ட், துப்பட்டா, வார் இல்லாத செருப்பு வேண்டாம்.

11. ஓட்ட வந்துவிட்டது என்று உடனே கடைக்கு அனுப்பாதீர்கள். முதலில் நீங்கள் பக்கத்தில் நடக்க, வீட்டுச் சந்துக்குள் மட்டும் ஓட்டட்டும். ஆடியில் மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் இருக்கும் நாட்களில் அதுவும் வேண்டாம்.