எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்றால்?

முந்திரி விழும் பங்குனி, சித்திரையில் ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் பிள்ளைகள் மரத்தின் மேல்தான் இருப்பார்கள். வெயில் ஏறினால் கிணற்றில். விழுந்த பிள்ளையைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லும். கையோ காலோ முறிந்தால் வீக்கம் காட்டிக்கொடுத்துவிடும். முதுகுத்தண்டில் பட்ட அடி பல நேரம் அப்படிக் காட்டிக்கொள்வதில்லை. அதனால் அந்த யோசனைகளில் சிலவற்றைப் பேசியாக வேண்டும்.

“தூக்கி உட்கார வை, தண்ணி குடு.”

பதற்றத்திலும் பாசத்திலும் செய்வது. ஆனால் கழுத்தெலும்பு விலகியிருந்தால், தலையைத் தூக்கும் அந்த நொடியிலேயே தண்டுவடம் நசுங்கலாம். விழுந்த இடத்திலேயே தலையையும் கழுத்தையும் இரண்டு பக்கமும் ஆடாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி வந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றையும் ஒருசேர, மரக்கட்டையை உருட்டுவதுபோலப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து அடிபட்டவனை, கழுத்தில் அடி என்று வைத்துக்கொண்டே கரையேற்ற வேண்டும்.

சின்னப் பிள்ளைக்கு இன்னொன்றும் உண்டு. உடம்போடு பார்த்தால் அதன் தலை பெரியது. தட்டைப் பலகையில் கிடத்தினால் தலை முன்னால் தள்ளப்பட்டு மோவாய் நெஞ்சை நோக்கி மடங்கும். கழுத்தில் காயம்பட்ட, ஏழு வயதுக்குட்பட்ட 10 பிள்ளைகளை வைத்து 1989-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் இதைக் காட்டினார்கள். காப்பதற்காகப் போட்ட பலகையே கழுத்தை வளைத்திருந்தது. தோளுக்கும் முதுகுக்கும் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் கழுத்து நேராகும்.

“சுளுக்குதான், வழிச்சு விட்டா போயிடும்.”

இரட்டைப் பிள்ளை பெற்றவர் வழித்துவிட்டால் போகும், கால் முன்னால் பிறந்தவர் மிதித்தால் போகும் என்பார்கள். மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகுக்கு அது இதமாக இருக்கலாம். விழுந்த பிள்ளையின் கழுத்தை மட்டும் யாரும் நீவக் கூடாது. தலை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர மறுக்கிறதென்றால், அந்தச் சாய்வே மருத்துவர் தேடும் அறிகுறிகளில் ஒன்று. அதை நிமிர்த்திவிட்டுக் கூட்டிப்போவது பேராபத்து.

“எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, நல்லாத்தானே நடக்குறான்?”

நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சூளைக்குப் போகாத பச்சை மண் பொம்மையை அழுத்தினால் வளைந்துகொடுக்கும். சுட்டதை அழுத்தினால் விரியும். பெரியவர்களின் முதுகெலும்பு சுட்ட பீங்கான், விரிசல் படத்தில் தெரியும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது இன்னும் பச்சை மண். குருத்தெலும்பு மிகுதி, தசைநார்கள் இளக்கம். இழுபட்டு வளைந்து, உடையாமலே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். உள்ளே ஓடும் தண்டுவடத்துக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது. பச்சிளங்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் சுமார் 5 செ.மீ. வரை நீண்டுகொடுக்கும், தண்டுவடமோ 6 மி.மீ. அளவுக்கு மேல் தாங்காது என்று பழைய ஆய்வொன்று கண்டது.

1982-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பாங், வில்பர்கர் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு ‘சைவோரா’ என்று பெயரிட்டார்கள். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத தண்டுவடக் காயம் என்று பொருள். அவர்கள் பார்த்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் கை கால் உடனே விழுந்துவிடவில்லை. சிலருக்கு நான்கு நாள் வரை ஆயிற்று. அப்படித் தாமதமாக விழுந்தவர்களில் பெரும்பாலோர், அடிபட்டவுடன் கொஞ்ச நேரம் மரத்ததை, கூச்சம் எடுத்ததை நினைவுகூர்ந்தார்கள்.

இந்தக் காயத்தை இன்று எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் காட்டிவிடுகிறது. ஆனால் ஸ்ரீமுஷ்ணத்துப் பிள்ளைக்கு அது சிதம்பரத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிற பயணமாகிவிடலாம். அந்தப் பயணம் வேண்டுமா என்பதைப் பல நேரம் பிள்ளையின் ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது. “கால்ல எறும்பு ஊருது”, “கரண்டு அடிச்ச மாதிரி இருந்துச்சு.” அப்போது இருந்தது, இப்போது இல்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் நாலைந்து நாள் கவனியுங்கள். நடை தடுமாறினால், டம்ளர் கைநழுவினால், சிறுநீர் போக முடியாமல் தவித்தால் அந்த ராத்திரியே கிளம்புங்கள். பேச வராத குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தாலும் அப்படியே.

“கழுத்தெலும்பு நகர்ந்திருக்காம், ஆபரேஷன்தான்.”

இது எதிர்ப்பக்கத்துப் பயம். எட்டு வயதுக்குள் கழுத்தின் இரண்டாம் எலும்பு மூன்றாவதைவிடச் சற்று முன்னால் நகர்ந்ததுபோலப் படத்தில் தெரிவது பல பிள்ளைகளுக்கு இயல்பு. எலும்புகளின் பின்பகுதியில் ஒரு கோடு போட்டு, இயல்பா விலகலா என்று பிரிக்கும் வழியை ஸ்விஷுக் என்ற கதிரியல் மருத்துவர் 1977-இலேயே சொல்லியிருக்கிறார். குழந்தைகளின் படங்களைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும், அவ்வளவுதான்.

“எதுக்கு வம்பு, சி.டி. எடுத்துடுங்க.”

சி.டி. எலும்பை நன்றாகக் காட்டும், தண்டுவடத்தை அவ்வளவாகக் காட்டாது. கழுத்தில் எடுத்தால் வளரும் தைராய்டின் மேல் கதிர்வீச்சு படும். லான்செட் குழும இதழ் ஒன்றில் 2024-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அடிபட்டு வந்த 22,430 பிள்ளைகளில் கழுத்துத்தண்டுக் காயம் இருந்தது 433 பேருக்கு. நினைவு மங்கல், கை கால் பலவீனம், கழுத்து வலி, தலையிலோ உடம்பிலோ பலத்த அடி போன்றவற்றை முதலில் பார்த்துப் பிரித்தால், சி.டி. எடுக்க வேண்டியவர்கள் 17.2 சதவீதத்திலிருந்து 6.9 சதவீதமாகக் குறைவார்கள் என்று அது கணித்தது.

ஆகவே நல்ல மருத்துவர் படம் எடுக்கும் முன் பிள்ளையின் கழுத்தை ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்ப்பார், தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார், நிறையக் கேள்வி கேட்பார். எவ்வளவு உயரம், எந்தப் பக்கமாக விழுந்தான், விழுந்ததும் என்ன சொன்னான்? வீட்டிலிருந்து ஓடிவந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது. கூட மரமேறிய பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவனைத் திட்டாமல் அழைத்துப் போனால்தான் உள்ளதைச் சொல்வான்.