அடக்கவிலை தெரியாமல் வீட்டை விற்காதே

அன்பு மருமகளுக்கு,

விண்டர்தூர் வீட்டை விற்க நீயும் தம்பியும் முடிவெடுத்ததாக எழுதியிருந்தாய். "அப்பா காலமான நாளில் வீடு என்ன பெறுமதியோ, அதற்கு மேல் வருவதுதானே இலாபம்?" என்றும் கேட்டிருந்தாய். இல்லை, பிள்ளை. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம் சொந்தங்கள் நீ சொன்னபடிதான் சொல்வார்கள். அந்த நாடுகளில் அது சரி. சுவிசில் சட்டம் வேறு. விண்டர்தூர் இருக்கும் சூரிச் மாநிலத்தில் பிள்ளைகளுக்கு வாரிசு வரி கிடையாது. ஆனால் காணி இலாப வரி, அதாவது 'குருண்ட்ஷ்டுக்கெவின்ஷ்டொயர்', மரணத்தோடு தீர்ந்துபோவதில்லை. அடுத்த விற்பனை வரை தள்ளிவைக்கப்படுகிறது. அதனால் பெற்றோர் வாங்கிய திகதியும் கொடுத்த விலையும் வீட்டோடு சேர்ந்தே உங்களுக்கு வந்துவிட்டன.

திகதி வந்தது உங்களுக்கு நன்மை. சூரிச்சில் 5 வருடம் வைத்திருந்தால் வரியில் 5 வீதம் கழியும். பிறகு வருடத்துக்கு 3 வீதமாகக் கூடி, 20 வருடத்தில் பாதி வரி கழிந்துவிடும். பெற்றோரின் வருடங்களும் இதில் சேரும்.

பழைய விலை மிகக் குறைவாயிற்றே என்று பயப்படாதே. வாங்கி 20 வருடம் தாண்டியிருந்தால், 20 வருடத்துக்கு முந்திய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்க இந்த மாநிலம் இடம் தருகிறது. அப்படி எடுத்தால் அதற்குப் பிந்திய செலவுகளை மட்டுமே சேர்க்கலாம். மற்ற மாநிலங்களுக்கு அவரவர் சட்டம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விற்பனை விலை 12,00,000 பிராங் என்று வை. 20 வருடத்துக்கு முந்திய மதிப்பு 7,00,000. அதன் பிறகு கூரைக்குக் கீழே அறை கட்டிய செலவு 96,000. தரகர் கூலி 24,000. அடக்கவிலை மொத்தம் 8,20,000, இலாபம் 3,80,000. முதல் 1,00,000க்கு வரி 29,400. மிகுதி 2,80,000க்கு 40 வீதப்படி 1,12,000. கூட்டினால் 1,41,400. அதில் பாதி கழிந்து நீங்கள் கட்டுவது 70,700 பிராங்.

இப்போது அந்த அறையின் பற்றுச்சீட்டுகள் இல்லை என்று வைத்துப் பார். வரி 89,900 ஆகிவிடும். காகிதம் இல்லாததற்கு மட்டும் 19,200 பிராங்!

எல்லாச் செலவும் சேராது. பெறுமதியைக் கூட்டிய வேலைதான் சேரும்: புதிய அறை, இரண்டாவது குளியலறை, கண்ணாடி முகப்பு. சுவருக்கு மை பூசியதும், உடைந்த அடுப்புக்குப் பதிலாக அதே தரத்தில் இன்னொன்று வைத்ததும் பராமரிப்பு. அவற்றுக்கு இடம் வருடாந்த வருமான வரிப் படிவம். வங்கிக் கடனுக்கும் இந்தக் கணக்கில் வேலை இல்லை. கடன் போகக் கையில் மிஞ்சுவது வேறு, வரிக்குரிய இலாபம் வேறு.

அப்பாவின் கோப்பில் காகிதங்கள் இல்லையென்றால் தேடும் இடங்கள் உண்டு. வாங்கிய ஒப்பந்தம் நொத்தாரிசு அலுவலகத்தில் இருக்கும். அறை கட்ட அனுமதி எடுத்திருந்தால் நகரசபையின் கட்டடப் பகுதியில் கோப்பு இருக்கும். வேலைக்குப் பிறகு வீட்டை மறுபடி மதிப்பிட்டிருந்தால் மாநிலக் கட்டடக் காப்புறுதியிடம் பதிவு இருக்கும். கட்டிய நிறுவனம் தன் கணக்குகளை 10 வருடம் வைத்திருக்கச் சட்டப்படி கடமைப்பட்டது. ஆகவே அங்கே முதலில் கேள்.

கடைசியாக ஒன்று. மனம் மாறி, வீட்டைத் தம்பியே எடுத்துக்கொண்டு உன் பங்கைக் காசாகத் தருவதென்றால், அப்போதும் வரி தள்ளித்தான் போகும். ஆனால் பின்னாளில் அவன் விற்கும்போது உன் பங்குக்கான வரியையும் சேர்த்து அவனே கட்டவேண்டிவரும். அந்த வரியை இப்போதே மதிப்பிட்டு, அதில் பாதியை உன் பங்கிலிருந்து கழித்துக்கொண்டு கையெழுத்துப் போடு. அவன் கேட்க வெட்கப்படலாம். நீயே முந்திச் சொல்.

அன்புடன்,
மாமா