மருந்துறையும் புலாலும்

தீக்கை பெற்ற அன்பரொருவர், தாம் உண்ணும் கேப்சூல் மருந்தின் உறை, விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சியெடுத்த ஜெலாட்டினால் ஆயதென அறிந்து, அது புலாலாமோ என வினவியுள்ளார்.

புலாலாவது ஊனென்று கண்ணுக்குத் தோன்றுவதொன்றே என்பார் உளர். அற்றன்று. திருவள்ளுவனார் அருளுடைமையை அடுத்துப் புலான்மறுத்தலை வைத்தனர். ஆகலின், பிறிதோருயிரின் உடம்பைச் சிதைத்துப் பெறுவதெல்லாம், வடிவும் சுவையும் மாறினும், புலாலேயாம். கன்றின் இரைப்பைச் சாற்றால் உறையவைத்த பாலாடைக்கட்டியும் இவ்வாற்றான் விலக்கப்படும்.

அற்றேல், பயிரும் உயிரன்றோவெனின், ஆம். தொல்காப்பியனார் மரபியலிற் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரென்றே வகுத்தனர். அறிவு மிக்கவழி நோவும் மிகுதலின், உடம்பு நிற்றற்பொருட்டு அறிவு குறைந்தவற்றைக் கொள்ளுதல் வேண்டிற்று. அதனாற் பழியே இன்றென்பது கருத்தன்று. பால், கன்று உண்டு எஞ்சியதாயின் குற்றமின்று. கன்றை வாட்டிக் கறந்த பாலைத் திருமஞ்சனத்துக்குக் கொணர்வாரும் நம்மிடையே உளர். அவர் ‘புலால் விலக்கினேம்’ எனச் செருக்குதல் நகைப்பிற்கிடமாம்.

இனி அன்பர்க்குக் கூறுவாம்: தாவர நாரினால் ஆய உறையும் உண்டு; மருத்துவரிடம் கேட்டு அதனைப் பெறுக. அஃதின்றேல், அம்மருந்து வேறு வடிவிற் கிடைக்குமோவென வினவுக. பிறிதொன்றும் இல்லாத கொடுநோயில் அதனையே உண்டு உயிர் ஓம்புக. உண்டதைப் புலாலன்றென வாதியாது, இறைவன் திருமுன் ஐந்தெழுத்தோதி இரங்குக.