மனுவிலிருந்து மன்றத்திற்கு

நுழையும்முன்

ஆள்வோரிடம் குறை கூறுவது நம் மண்ணில் பழைய வழக்கம். கூறிய குறை சட்டத்தின் ஒரு பிரிவாகவும், வரவுசெலவுத் திட்டத்தின் ஓர் எண்ணாகவும் மாறும் வழியைப் பலர் அறிவதில்லை. மாற்றுத்திறனாளிகள் அவ்வழியைத் தாமே கண்டறிந்து நடந்தார்கள். அவ்வழியைச் சென்னையின் தென்புறநகரிலிருந்து காண்கிறது இப்பாடம்.

யாரிடம் கேட்பது?

சிட்லப்பாக்கத்தில் வாழும் ஒருவர் சக்கர நாற்காலியில் புறப்பட்டுக் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திற்குச் செல்ல விரும்புகிறார் எனக் கொள்வோம். வீட்டு வாசலில் தொடங்கும் தெருவும் நடைபாதையும் தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பு. இடையில் குறுக்கிடும் ஜி.எஸ்.டி. சாலை நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்தது. தாம்பரம் தொடர்வண்டி நிலையம் ஒன்றிய அரசின் தென்னக இரயில்வேக்கு உரியது. அவர் ஏறவேண்டிய பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தினுடையது. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட முனையத்தைக் கட்டியதோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஓர் ஊரின் ஒரே பயணத்தில் இத்தனை அதிகாரங்கள் கைகோக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று சாய்தளம் அமைக்காமல் இரண்டு படிகளை மட்டும் கட்டிவிட்டுப் போனால், மற்றவை செய்த நற்பணி அவருக்குப் பயன்படுவதில்லை.

ஆகவே, "அரசிடம் கேட்போம்" என்பது போதாது. எந்த அரசிடம் என்பது முதல் கேள்வி. நடைபாதைக்கு மாமன்ற உறுப்பினர். பேருந்துக்கும் உதவித்தொகைக்கும் சட்டமன்ற உறுப்பினர். நடைமேடைக்கும் தொடர்வண்டிப் பெட்டிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர். இந்தப் பிரிவினை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளது. இரயில்வே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. உடற்குறை உள்ளோருக்கும் வேலைசெய்ய இயலாதோருக்கும் துயர்துடைப்பு என்பது மாநிலப் பட்டியலின் 9ஆம் பதிவு.

மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்மீது நாடாளுமன்றம் எவ்வாறு சட்டம் இயற்றியது என்று இங்கே ஒரு மாணவர் கேட்டால், அவர் கூர்ந்து படிக்கிறார் என்று பொருள். பன்னாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டது; இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை உறுதிசெய்தது. அந்த வாக்குறுதியின் விளைவே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்.

எண்ணப்படாதவர்கள்

சட்டம் கேட்கச் செல்பவரிடம் ஆட்சியாளர் வினவும் முதல் வினா, "நீங்கள் எத்தனை பேர்?" என்பது. நெடுங்காலம் இவ்வினாவுக்கு விடை இல்லை. விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் 1981இல் ஒருமுறை உடற்குறை பற்றிக் கேட்டார்கள். 1991இல் அக்கேள்வி மீண்டும் நீக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணிகளில் 3 விழுக்காட்டு இடஒதுக்கீட்டையும் வழங்கிவிட்டது. ஆனால் அச்சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ அவர்களின் எண்ணிக்கை மட்டும் எவர் கையிலும் இல்லை! மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் விடாது வற்புறுத்தியதால்தான் 2001இல் அக்கேள்வி படிவத்திற்குத் திரும்பியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 11.79 இலட்சம் பேர்.

இவ்வெண்ணும் முழுமையானதன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் வகையை 21ஆக உயர்த்தியது. தசைச்சிதைவும் அமிலவீச்சின் பாதிப்பும் அதன்பின்னரே பட்டியலில் இடம்பெற்றன. பழைய படிவத்தில் தனக்கென ஒரு கட்டம் இல்லாதவரைக் கணக்கெடுப்பாளர் எப்படிக் குறித்திருப்பார்?

ஒரு கணக்கு

கோரிக்கை சட்டமாகும் விதத்தை விளக்க உதவித்தொகையைக் காட்டிலும் நல்ல சான்று இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பு, உடற்குறை உற்றோருக்கு அரசு உதவவேண்டும் என்கிறது. கூடவே, அரசின் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் என்று ஒரு வரம்பையும் வைக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலும் ஏறத்தாழ இதே வரம்பு உண்டு. 'எல்லை' என்ற இந்தச் சொல்லுக்குள்ளேதான் ஏழைகளின் கோரிக்கைகள் பெரும்பாலும் அடங்கிப்போகின்றன. ஆனால் அதே 24ஆம் பிரிவு, ஒரு திட்டத்தில் பிறருக்கு வழங்கப்படும் தொகையைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக வழங்கவேண்டும் என்றும் விதிக்கிறது. இரக்கத்தை அளக்க இயலாது; இருபத்தைந்து விழுக்காட்டை அளக்கலாம்.

அளந்து பார்ப்போம். 2022இல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1000 ரூபாய். வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிகள் பெற்றதும் 1000 ரூபாயே. சட்டத்தின்படி அது 1250க்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள், உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று, இத்தொகை 2023 சனவரி முதல் 1500 ரூபாயாக உயர்த்தப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். பயன்பெறுவோர் 4,39,315 பேர். பின்னர் 2023இல் முதியோர் உதவித்தொகை 1200 ரூபாயானது. 1200க்கு மேல் 25 விழுக்காடு சேர்த்தால் மிகச் சரியாக 1500! உயர்வாகத் தோன்றிய தொகை சட்டத்தின் கீழ்வரம்பில் வந்து நின்றது.

இந்தக் கூட்டல் கணக்கைப் போட ஆறாம் வகுப்புக் கல்வி போதும். ஆயினும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து பேசுகையில், இதைவிட வலிய கருத்து அவருக்குக் கிடைக்காது. அவரிடம் அதைக் கொண்டுசேர்ப்பது யார் என்பதே வினா. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பாதுகாப்போரும் இணைந்த சங்கங்கள் சாலைமறியல், முற்றுகை, மனு, பேச்சுவார்த்தை எனப் பல வழிகளில் இப்பணியைச் செய்துவருகின்றன. 2024 சூலையில் ஆந்திர அரசு மாற்றுத்திறனாளிகளுக்கான தொகையை 3000 ரூபாயிலிருந்து 6000ஆக உயர்த்தியபின் அவர்களின் வாதத்துக்கு அண்டை மாநிலமே சான்றாயிற்று. "நிதி இல்லை" என்னும் விடை அதன்பின் முன்போல் எளிதாக எடுபடவில்லை.

மனுவின் மொழி

கோரிக்கையின் மொழியையும் கவனிக்க வேண்டும். "எங்கள்மேல் இரக்கம் கொண்டு அலுவலகத்தில் சாய்தளம் அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று ஒரு மனு எழுதலாம். "2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பொதுக்கட்டடங்கள் அனைத்தையும் அணுகத்தக்கவையாக மாற்றவேண்டும் என்கிறது, விதிகள் 2017 சூனில் வெளியாயின, காலவரம்பு 2022 சூனில் முடிந்தது, இவ்வலுவலகத்தில் இன்னும் ஏழு படிகள் உள்ளன" என்றும் எழுதலாம். முதல் மனுவைப் பெறுபவர் கொடையாளர் ஆகிறார். இரண்டாவதைப் பெறுபவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார். பணிவு இரண்டிலும் இருக்கலாம், தவறில்லை.

'ஊனமுற்றோர்' என்ற சொல் அரசு ஏடுகளில் 'மாற்றுத்திறனாளிகள்' ஆனதும் இம்மொழி மாற்றத்தின் ஒரு பகுதியே. நல்ல சொல்தான். ஆனால் சொல்லை மாற்றுவதற்கு நிதி ஒதுக்கத் தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

சில நேரங்களில் மனுக்கள் பயனளிக்காதபோது நீதிமன்றம் செல்ல நேர்கிறது. தாழ்தளப் பேருந்துகள் அப்படித்தான் வந்தன. சாலைகளின் நிலையையும் செலவையும் காட்டி அரசு தயங்க, வைஷ்ணவி ஜெயக்குமார் உள்ளிட்ட செயற்பாட்டாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 2024 ஆகஸ்டில் சக்கர நாற்காலியோடு ஏறத்தக்க தாழ்தளப் பேருந்துகள் மாநகரில் ஓடத் தொடங்கின. கைக்குழந்தையோடு ஏறும் தாயும் மூட்டுவலியுடைய முதியவரும் இன்று அவற்றில் எளிதாக ஏறுகின்றனர். வழக்கு தொடுத்தவர்கள் இவர்களுக்காகவும் வாதாடினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஓர் இருக்கை

இதுவரை கண்டவை எல்லாம் வெளியில் நின்று உள்ளே இருப்பவரிடம் கேட்ட முறைகள். 'எங்களைப் பற்றிய எதுவும் எங்களை இன்றி முடிவாகக் கூடாது' என்பது உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் முழக்கம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை அம்முழக்கத்தை உள்ளாட்சி அளவில் சட்டமாக்கியது. 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் திருத்தப்பட்டன. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த அவை வழிசெய்கின்றன. நகர்ப்புற உள்ளாட்சிகளில் ஏறத்தாழ 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் இதனால் இடம்பெறுவர் என அரசு தெரிவித்தது.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லப்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து மாநகராட்சி ஆயின. 70 வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 70 உறுப்பினர்கள் அமரும் மாமன்றத்தில் நியமன உறுப்பினர் சிறுபான்மையிலும் சிறுபான்மை. அவர் ஒருவரால் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிட முடியாது. ஆனால் புதிய நடைபாதைக்கான மதிப்பீடு மேசைக்கு வரும்போது, "இதன் விளிம்பு எத்தனை அங்குல உயரம்?" என்று கேட்க ஒருவர் அங்கே இருப்பார். ஒப்பந்தப்புள்ளி கோரப்படும் முன் கேட்கப்படும் அக்கேள்விக்குச் செலவு இல்லை. கற்காரை இறுகிய பின் அதையே கேட்டால், உடைத்துக் கட்டவேண்டும். அவர் கூட்டத்திற்கு வந்துசேர, மன்றக் கூடத்தின் வாசலில் முதலில் சாய்தளம் இருக்கவேண்டும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பள்ளியிலிருந்து அருகிலுள்ள பேருந்து நிறுத்தம்வரை நடந்து, சக்கர நாற்காலியைத் தடுக்கும் இடங்களைக் குறியுங்கள். ஒவ்வோர் இடமும் எந்தத் துறையின் பொறுப்பு எனக் கண்டறியுங்கள்.

அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, உரிய சட்டப் பிரிவைச் சுட்டி, உங்கள் மாமன்ற உறுப்பினருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ ஒரு பக்க அளவில் மனு வரைக. அதில் 'இரக்கம்' என்ற சொல் இடம்பெறக் கூடாது.